டயர் தேர்வில் தேவை தெளிவு

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரகடம் நோக்கித் திரும்பினால் இந்திய மோட்டார் வாகனத் துறையின் கணிசமான பகுதியை ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். 1998 முதல் கார்களைத் தயாரித்துவரும் ஹுண்டாய் ஆலை, 2010-இல் ரெனோ - நிசான் கூட்டணி தொடங்கிய ஆலை, டைம்லர் லாரி ஆலை, ராயல் என்ஃபீல்டு ஆலை எனப் பட்டியல் நீளும். இந்த வாகனங்கள் ஓடத் தேவையான டயர்களும் இதே வட்டாரத்தில்தான் உருவாகின்றன. ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் ஜே.கே. டயர், சியட் ஆகிய நிறுவனங்களின் ஆலைகள் இயங்குகின்றன. 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் வரலாறும் சென்னையோடு பிணைந்ததே.

போதாக்குறைக்கு, இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் கார் பந்தயத் தடம் இருக்கிறது. ஒரகடத்தில் வாகனங்களையும் அவற்றின் உதிரி பாகங்களையும் சோதிக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இத்தனை இருந்தும், இந்தச் சாலையோரத்து டயர் கடை ஒன்றில் தேய்ந்த டயரை மாற்ற வந்து நிற்கும் கார் உரிமையாளருக்கு, ‘எந்த டயர் மழையில் வண்டியை விரைவாக நிறுத்தும்?’ என்ற எளிய கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. விலை, நிறுவனத்தின் பெயர், கடைக்காரரின் பரிந்துரை ஆகிய மூன்றை வைத்தே தேர்வு முடிந்துவிடுகிறது.

இக்கேள்வி இன்று முன்பைவிட முக்கியத்துவம் பெற்றுள்ளது. ஹுண்டாய் வெர்னா டர்போ, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் போன்ற, நடுத்தரக் குடும்பங்களும் வாங்கும் செடான் கார்கள் 150 குதிரைத்திறன் அல்லது அதற்கும் மேல் ஆற்றல் கொண்டவையாக வருகின்றன. எஞ்சின் எவ்வளவு ஆற்றல் தந்தாலும், பிரேக் எவ்வளவு நவீனமாக இருந்தாலும், அவை சாலையைத் தொடுவது நான்கு டயர்களின் அடியில், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுள்ள பரப்பின் வழியாகத்தான். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு, டயரிடம் இருக்கும் பிடிப்பை முறையாகப் பயன்படுத்தும். இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

டயர் தயாரிப்பில் மூன்று குணங்கள் ஒன்றையொன்று இழுக்கும்: சாலைப் பிடிப்பு, நீடித்த உழைப்பு, எரிபொருள் சிக்கனம். மென்மையான ரப்பர் கலவை சாலையை நன்கு பற்றும். ஆனால் விரைவில் தேயும். கடினமான கலவை பல்லாயிரம் கிலோ மீட்டர் உழைக்கும். ஆனால் ஈரச் சாலையில் வழுக்கக்கூடும். உருளும்போது டயர் அமுங்கி விரிவதால் வெப்பமாக வீணாகும் ஆற்றலைக் குறைத்தால் எரிபொருள் மிச்சமாகும். ஆனால் பிடிப்பு ஓரளவு குறையும். கரித்தூளின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைச் சேர்க்கும் முறையை 1992-இல் மிஷெலின் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த பின் இந்த முரண்பாடு தணிந்தது. எனினும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

புதிய காருடன் வரும் டயர் பெரும்பாலும் மைலேஜ், விலை, சத்தம், சொகுசு ஆகிய அனைத்துக்கும் இடையிலான ஒரு சமரசம். அந்த டயர் தேய்ந்து முடியும் நேரம்தான், தன் பயணத்துக்கு எது முதன்மையானது என்பதை உரிமையாளர் முடிவு செய்யக் கிடைக்கும் வாய்ப்பு. அதற்கு டயரின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருப்பதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மேற்சொன்ன கார்களில் காணப்படும் 205/55 ஆர்16 91வி என்னும் குறியீட்டைக் கொள்வோம். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 55 விழுக்காடு என்பதைக் குறிக்கும். ஆர் என்பது ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ வரை சுமக்கும் என்பதையும், வி என்பது மணிக்கு 240 கி.மீ. வேகம் வரை தாங்கும் என்பதையும் காட்டும். மாற்று டயரின் சுமை எண்ணும் வேகக் குறியீடும் தயாரிப்பாளர் குறிப்பிட்டதைவிடக் குறையக் கூடாது. அந்த வேகத்தில் யாரும் செல்லப் போவதில்லை என்றாலும், கோடை வெயிலில் கொதிக்கும் நெடுஞ்சாலையில், முழுச் சுமையுடன் மணிக்கணக்கில் ஓடும்போது வெப்பத்தைத் தாங்கும் திறனுக்கு அது ஓர் அடையாளம்.

தோற்றத்துக்காகப் பெரிய ரிம் பொருத்துவோர் பலர். 16 அங்குலத்திலிருந்து 17 அங்குலத்துக்கு மாறும்போது 205/50 ஆர்17 அளவைத் தேர்ந்தால், டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 632 மி.மீ.யிலிருந்து 637 மி.மீ.யாக மட்டுமே உயரும்; வேகமானி பெரிதாகப் பிழைக்காது. ஆனால் பக்கச்சுவர் தாழ்ந்துவிடுவதால், கனரக லாரிகள் ஓயாது ஓடிக் குழியாக்கும் தொழிற்பேட்டைச் சாலைகளில் டயரும் ரிம்மும் அடிபடும் வாய்ப்பு கூடும். வளைவுகளில் கிடைக்கும் துல்லியத்துக்குக் கொடுக்கும் விலை அது. இவ்வட்டாரத்தில் நாள்தோறும் ஓட்டுவோர் தயாரிப்பாளர் தந்த அளவிலேயே தரமான டயரைத் தேர்வது விவேகம்.

பருவநிலையும் கருத்தில் கொள்ளத்தக்கது. குளிர்நாடுகளுக்கான பனிக்கால டயர்கள் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழும் இறுகாத கலவையால் ஆனவை. தமிழகத்தின் சமவெளியில் அவற்றுக்கு வேலையில்லை. இங்கு வெப்பத்தையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையையும் ஒருங்கே சமாளிக்கும் டயரே தேவை. ‘பட்டன்’ என்று டயர் கடைகளில் அழைக்கப்படும் மேற்பரப்பு வரிகளின் பணி, அடியில் சிக்கும் நீரை வெளியேற்றுவது. புதிய டயரில் 7 அல்லது 8 மி.மீ. இருக்கும் அந்த ஆழம் 1.6 மி.மீ.யாகத் தேய்ந்தால் டயரை மாற்றியாக வேண்டும். வரிகளுக்கிடையே உள்ள சிறு மேடுகள் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் 3 மி.மீ.க்குக் கீழே சென்றாலே ஈரச் சாலையில் டயரின் திறன் வெகுவாகச் சரிகிறது. ஆகவே மழைக்காலம் முடியட்டும் என்று காத்திராமல், தொடங்கும் முன்பே மாற்றிவிடுவது நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்கள், டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2325 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். இரண்டு டயர்களை மட்டும் மாற்றுவதாக இருந்தால், முன்சக்கரங்கள் இழுக்கும் காராக இருப்பினும், புதியவற்றைப் பின்னால் பொருத்த வேண்டும். ஈரச் சாலையில் பின்சக்கரம் பிடிப்பிழந்தால் கார் சுழன்றுவிடும். அதைச் சாதாரண ஓட்டுநர் மீட்பது அரிது. அலைன்மென்ட், பேலன்சிங் செய்யாமல் போடப்படும் விலையுயர்ந்த டயர் சில மாதங்களில் ஒருபக்கமாகத் தேய்ந்து வீணாகும். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் சரிபார்ப்பதே முறை.

இவை தனிமனிதர் செய்யக்கூடியவை. அரசு செய்ய வேண்டியது ஒன்று எஞ்சியிருக்கிறது. டயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை ஏற்கெனவே கட்டாயம். உருளும்போது ஏற்படும் ஆற்றல் இழப்பு, ஈரச் சாலைப் பிடிப்பு, ஓசை ஆகிய மூன்றுக்கும் குறைந்தபட்சத் தரத்தை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூன் மாத அறிவிக்கை மூலம் கட்டாயமாக்கியது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் புதிய வடிவமைப்புகளுக்கும், அடுத்த ஆண்டில் ஏற்கெனவே விற்பனையில் உள்ளவற்றுக்கும் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பாராட்டத்தக்க முன்னேற்றம் இது. ஆனால் இந்தத் தேர்வில் ஒரு டயர் ‘தேறியது’ என்பது மட்டுமே உறுதியாகிறது. எத்தனை மதிப்பெண் பெற்றது என்பது வாங்குபவரின் கண்ணில் படுவதில்லை. மத்திய எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திரக் குறியீடோ எரிபொருள் சிக்கனத்தை மையமாகக் கொண்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 நவம்பர் முதல், ஈரச் சாலைப் பிடிப்பைத் தரவரிசையிட்டுக் காட்டும் வில்லை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அங்கு முதலில் நடைமுறையில் இருந்த தரவரிசைப்படி, முதல் தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் இடையே, 80 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் 18 மீட்டர் வரை வேறுபடலாம். நான்கு செடான் கார்களை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம் அது. ஷிப்ட் முடிந்து தொழிலாளர்கள் சாலையைக் கடக்கும் ஓர் ஆலை வாயிலில், அந்த 18 மீட்டருக்குள் எத்தனை பேர் நிற்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2020 ஜூன் முதல் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்துள்ளது. உள்நாட்டு உற்பத்தியை வளர்ப்பது அதன் நோக்கம். சந்தையில் அந்தப் பாதுகாப்பைப் பெறும் நிறுவனங்களிடம், சோதனையில் தங்கள் டயர் பெற்ற அளவீட்டைக் கடையிலேயே தெரிவிக்குமாறு கேட்பது நியாயமான எதிர்பார்ப்புதான். சோதனை முறை வகுக்கப்பட்டுவிட்டது, அளவீடுகள் எடுக்கப்படுகின்றன. அவற்றை ஒரு சிறு வில்லையில் அச்சிட்டு டயரில் ஒட்டுவதற்கு ஆகும் செலவு மிக அற்பம். குளிர்சாதனப் பெட்டி வாங்குபவர் நட்சத்திரங்களை எண்ணி வாங்கப் பழகிவிட்டார். உயிரைத் தாங்கி ஓடும் டயருக்கும் அந்த வாய்ப்பு கிடைக்க வேண்டும். அதற்கான குரல், நாட்டின் டயர் தொழிலுக்குத் தாய்வீடான தமிழகத்திலிருந்து எழுவதே பொருத்தம்.