பெண்விடுதலையும் யூத வெறுப்பும்

அருளுரைப் பயிற்சி வகுப்பொன்றில் மாணவர் ஒருவர் மாற்கு 5ஆம் அதிகாரத்தில் வரும் பெரும்பாடுள்ள பெண்ணைக் குறித்துப் பேசினார். யூத சமயம் அவளைத் தீட்டென்று ஒதுக்கியது, இயேசு அந்தச் சட்டத்தை உடைத்து அவளை விடுவித்தார் என்பது அவர் செய்தியின் சாரம். கேட்டோர் நெகிழ்ந்தனர். நானும் பல ஆண்டுகள் அவ்விதமே பிரசங்கித்தவன். ஆயினும் அப்பகுதியை மறுபடியும் வாசித்தபோது, நாங்கள் இருவரும் சொன்னதில் பாதி அங்கே இல்லை என்று கண்டேன். பெண்ணை உயர்த்துவதற்காக யூதரைத் தாழ்த்தும் இப்பழக்கம் எங்கிருந்து வந்தது?

பழியின் வரலாறு

அமெரிக்கப் பெண்ணுரிமைத் தலைவி எலிசபெத் கேடி ஸ்டாண்டனும் அவருடைய தோழியரும் 1895இலும் 1898இலும் இரு பகுதிகளாக வெளியிட்ட ‘பெண்ணின் வேதாகமம்’, பெண்ணடிமைத்தனத்தின் வேரை எபிரெய மறையில் தேடியது. அந்நூல் திருச்சபையையும் விட்டுவைக்கவில்லை. ஆயினும் மூலக் குற்றவாளியாக எபிரெய மரபே காட்சியளித்தது.

1971இல் கத்தோலிக்க இறையியலாளர் லெனார்டு சுவிட்லர், இயேசு ஒரு பெண்ணியவாதி என்று கட்டுரை எழுதினார். திருச்சபையில் சமத்துவம் நாடிய பெண்களுக்கு அது பெரும் ஊக்கமளித்தது. ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. இயேசு ஆண்-பெண் சமத்துவத்தைக் குறித்துத் தனிப் போதனை எதையும் விட்டுச்செல்லவில்லை. எனவே அவருடைய செயல்கள் ஒளிவீச வேண்டுமானால், அவரைச் சூழ்ந்த யூத சமூகம் இருளாகச் சித்திரிக்கப்படவேண்டியதாயிற்று. பவுலின் கடுமையான சொற்களுக்கோ, அவருடைய யூதப் பின்னணியே காரணம் எனப்பட்டது. நன்மை கிறிஸ்தவத்துக்கு, தீமை யூதத்துக்கு எனப் பங்கீடு முடிந்தது!

1978இலும் 1980இலும் யூத இறையியலாளர் ஜூடித் பிளாஸ்கோ இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். அவர் தம் சொந்த மரபின் ஆணாதிக்கத்தை மூடிமறைத்தவரல்லர். 1990இல் அதனை விமர்சித்து முழு நூலே எழுதினார். ஆணாதிக்கம் உலகமெங்கும் இருக்க, அதன் பழியை ஒரே மக்கள்மீது சுமத்துவது நீதியன்று என்பதே அவர் வாதம்.

சான்றுகள் காட்டுவது

யூத ஆண்கள் தாங்கள் பெண்ணாய்ப் பிறவாததற்குக் கடவுளுக்கு நன்றி கூறினர் என்று நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அம்மன்றாட்டு உண்மையே. ஆனால் ஏறத்தாழ அதே கூற்றைக் கிரேக்க ஞானி தாலேசின் வாயிலும் பழைய நூல்கள் வைத்துள்ளன. அதை நாம் சொல்வதில்லை. பெர்னடெட் புரூட்டன் 1982இல் வெளியிட்ட ஆய்வில், ஜெப ஆலயத் தலைவர், மூப்பர் முதலிய பட்டங்களைப் பெண்களுக்கு வழங்கும் 19 கிரேக்க, இலத்தீன் கல்வெட்டுகளை ஆராய்ந்தார். சிமிர்னாவின் ரூஃபினா அத்தகைய தலைவர்களில் ஒருவர்.

இப்பொழுது மாற்கு 5க்குத் திரும்புவோம். அப்பெண்ணை எவரும் விரட்டவில்லை. அவள் குறை, மருத்துவரிடம் பொருளையெல்லாம் இழந்தும் குணமடையாததே. இயேசு சட்டத்தை மீறினார் என்று மாற்கு எழுதவுமில்லை. லேவியராகமம் 15 ஆணுக்கும் தீட்டு விதிக்கிறது, தீட்டு பாவமுமன்று. மத்தேயுவின்படி அவள் தொட்டது ஆண்டவரின் ஆடையோரம். நியாயப்பிரமாணப்படி யூதர் அணிந்த தொங்கலையே அச்சொல் குறிக்கிறது என்பர். அவ்வேளை இயேசு சென்றுகொண்டிருந்ததோ, தன் பன்னிரண்டு வயது மகளுக்காகக் காலில் விழுந்த யூத ஜெப ஆலயத் தலைவனின் வீட்டிற்கு. மகளை இகழ்ந்த சமூகமா இது?

இயேசுவை அவருடைய மக்களிடமிருந்து பிரிப்பது சிறு தவறன்று. 1939இல் ஜெர்மனியின் ஐசனாக்கில், திருச்சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை அகற்றுவதற்கென்றே இறையியலாளர் ஒரு நிறுவனம் தொடங்கினர். அப்பாதை எங்கே முடிந்தது என்பதை உலகம் அறியும்.

சபைக்கு வெளியே

சமயம் சாராத பெண்கள் இயக்கமும் இக்குற்றத்திற்கு விலக்கன்று. 1982இல் லெட்டி காட்டின் போக்ரபின் ‘மிஸ்’ இதழில், இயக்கத்திற்குள் யூதப் பெண்கள் அடைந்த புறக்கணிப்பை விரிவாக எழுதினார். 2023 அக்டோபர் 7 தாக்குதலில் பெண்கள்மீது நிகழ்ந்த வன்கொடுமையைப் பற்றிப் பெண்கள் அமைப்புகள் பல பேசத் தயங்கின என்று யூதப் பெண்கள் முறையிட்டனர். அக்கொடுமைகள் நிகழ்ந்தன என நம்ப நியாயமான ஆதாரமுண்டு என்று 2024 மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் அறிக்கை தெரிவித்தது. இஸ்ரவேல் அரசின் செயல்களைக் கண்டிப்பது யூத வெறுப்பாகாது. காசாவின் தாய்மாருடைய கண்ணீரும் கடவுள் காணும் கண்ணீரே. ஆயினும் பாதிக்கப்பட்ட பெண் யார் மகள் என்று கேட்டபின் இரங்குவது இரக்கமன்று.

நமது கடமை

அருளுரை ஆயத்தம் செய்கையில் மூன்று கேள்விகளை நாமே கேட்டுக்கொள்வோம். நான் சொல்லும் யூத வழக்கம் வேதபகுதியில் உள்ளதா, விளக்கவுரையில் மட்டும் உள்ளதா? பின்னாளைய ரபிமாரின் கூற்றை இயேசுவின் காலத்துக்கு ஏற்றுகின்றேனா? என் சபையில் பெண்ணுக்கு நான் மறுக்கும் இடத்தை மறைக்க, பழைய யூதரைக் குற்றஞ்சாட்டுகின்றேனா?

மூன்றாவது கேள்வியே கடினமானது. கூனியான பெண்ணை இயேசு ஆபிரகாமின் குமாரத்தி என்று அழைத்தார். அவளுக்கு அவர் அளித்த மேன்மை அவளுடைய சொந்த மரபிலிருந்தே எடுத்தது. அதை மறுத்து அவளை உயர்த்த நம்மால் இயலாது.