கூட்டத்தில் நின்றவர் எல்லாம் குற்றவாளியா?

கொச்சி நகரத்தில் தேவரா என்று ஒரு பகுதி. பாலம் தாண்டினால் வாத்துருத்தி. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்கள் அங்கே நிறையப் பேர் குடியிருக்கிறார்கள்.

ஒரு நாள் இரவு தேவராவில் அடிதடி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இறந்துபோகிறார். போலீசார் பன்னிரண்டு பேரைப் பிடிக்கிறார்கள். அதில் ஒரு தம்பி, வேலை முடிந்து டீ குடிக்க வந்தவர். சண்டை போட்டவர்களில் இரண்டு பேர் அவருக்குத் தெரிந்தவர்கள். "இவனும் அந்தக் கும்பல்தான்" என்று வழக்கு. செஷன்ஸ் கோர்ட்டில் பன்னிரண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை.

தம்பியின் அம்மா கேட்கிறார்: "என் மகன் கை ஓங்கியதை யார் பார்த்தது?"

படிக்காத அம்மாதான். ஆனால் பெரிய வக்கீல் கேட்க வேண்டிய கேள்வி அது.

சட்டம் என்ன சொல்கிறது? ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டம் தடுத்த ஒரு நோக்கத்தோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். அந்த நோக்கத்துக்காக ஒருவர் குற்றம் செய்தால், கூட்டத்தில் உள்ள எல்லோரும் பொறுப்பு. பழைய சட்டத்தில் இது 149-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் 190-ஆம் பிரிவு. கத்தி எடுத்தவருக்கும் உடன் நின்றவருக்கும் ஒரே தண்டனை கிடைக்கலாம். ஆனால் அவர் அந்த நோக்கத்தோடுதான் நின்றார் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். வேடிக்கை பார்த்தவர் கூட்டத்தில் சேர்த்தி இல்லை.

உத்தரப் பிரதேசத்தில் பலர் சேர்ந்து கொலை செய்த வழக்கு ஒன்று. 1964-இல் உச்ச நீதிமன்றம் அதில் ஒரு வழி சொன்னது. பெருங்கூட்டத்தில் இன்னார் இருந்தார் என்று ஒரே ஒரு சாட்சி சொன்னால் போதுமா? இரண்டு மூன்று சாட்சிகளாவது முரண் இல்லாமல் சொல்கிறார்களா என்று பார்ப்பது நல்லது. இது கட்டாயச் சட்டம் இல்லை, எச்சரிக்கைக்காகச் சொன்ன வழி. இன்றும் வக்கீல்கள் இதை எடுத்துக் காட்டுகிறார்கள்.

நாம் எல்லோரும் அறிந்த வழக்கு ஒன்று உண்டு. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்புச் சொன்னது. ஒருவர்கூட மிச்சமில்லை. உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனது. விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒருவரான கே.டி. தாமஸ் முன்பு கேரள உயர் நீதிமன்றத்தில் இருந்தவர்.

1999 மே 11 அன்று தீர்ப்பு வந்தது. 4 பேருக்குத் தூக்கு நிலைத்தது. 3 பேருக்கு ஆயுள். மற்ற 19 பேரும் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுபட்டார்கள். சதிகாரரோடு பழகியதாலோ, அவருக்குத் தங்க இடம் கொடுத்ததாலோ மட்டும் ஒருவர் சதிகாரர் ஆகிவிட மாட்டார். சதிக்கு அவரும் உடன்பட்டார் என்று காட்ட வேண்டும். சிலருக்குச் சிறு குற்றங்களுக்கான தண்டனை இருந்தது. அந்தக் காலத்தை ஏற்கனவே சிறையில் கழித்துவிட்டார்கள். தூக்குக்கு நின்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். மேல்முறையீடு இல்லாவிட்டால்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 ஏழைகள் குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கீழ்க்கோர்ட்டில் நிலச்சுவான்தார் தரப்பினர் தண்டனை பெற்றார்கள். 1973-இல் உயர் நீதிமன்றம் சாட்சியத்தை நம்ப முடியாது என்று அவர்களை விடுவித்தது. ஊரே அழுதது. "சாட்சி போதாது" என்ற கதவு ஏழைக்கும் திறக்கும், பணக்காரருக்கும் திறக்கும். நல்ல வக்கீல் வைக்கப் பணம் உள்ளவருக்குச் சீக்கிரம் திறக்கும் என்பது என் எண்ணம்.

மேல்முறையீட்டில் பெரும்பாலும் புதிய சாட்சி வர மாட்டார். பழைய காகிதங்களையே நீதிபதிகள் மறுபடி படிப்பார்கள். முதல் தகவல் அறிக்கையில் தம்பியின் பெயர் உண்டா? சாட்சி எவ்வளவு தூரத்தில் நின்றார்? இருட்டில் முகம் தெரிந்ததா? அடையாள அணிவகுப்பு உடனே நடந்ததா, பல மாதம் கழித்தா? போலீசிடம் சொன்னதும் கோர்ட்டில் சொன்னதும் ஒத்துப்போகிறதா? நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் தம்பிக்குத்தான்.

தேவராவில் இருப்பவர் இதற்காக ரொம்ப தூரம் போக வேண்டாம். கேரள உயர் நீதிமன்றம் எர்ணாகுளத்திலேயே இருக்கிறது. சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம். கேட்டு வாங்குங்கள். சிறையில் இருப்பவர் மேல்முறையீட்டு மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் அவருக்கு இலவச வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தின் தொலைபேசி எண் 15100. வழக்கு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் தரும்படியும் கேட்கலாம்.

நாள் கணக்கு முக்கியம். செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 60 நாள். தூக்குத் தண்டனை என்றால் 30 நாள். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்பு மனு போட வேண்டும். கோர்ட்டில் நகல் கேட்டு மனுப் போட்டால், அது தயாராகும்வரை ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. எனவே மனுப் போட்ட தேதியையும் நகல் கிடைத்த தேதியையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.