419 கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம்?

சூலக்கரையிலுள்ள உங்கள் அண்ணனுக்குச் சென்னையில் காலை 11 மணிக்கு நேர்முகத் தேர்வு என்று வைத்துக்கொள்வோம். இரவு இரயிலைத் தவறவிட்டுவிட்டார். மறுநாள் மதுரையிலிருந்து காலை விமானத்தில் போய்ச் சேர முடியுமா?

முதலில் தூரத்தைப் பார்ப்போம். இரயில் பாதையின் 490 சொச்சம் கிலோமீட்டர் இங்கே உதவாது. அது திண்டுக்கல், திருச்சி, விழுப்புரம் என்று சுற்றிச் செல்வது. தேசப்படமே போதும். மதுரை விமான நிலையம் வடக்கு அட்சரேகை 9.83 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 78.09 பாகையிலும் உள்ளது. சென்னை நிலையம் 12.99, 80.18 பாகைகளில் உள்ளது. வடக்கு நோக்கி 3.16 பாகை, ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் 351 கிலோமீட்டர். கிழக்கு நோக்கி 2.09 பாகை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், நம் பகுதியில் ஒரு பாகை 109 கிலோமீட்டர்தான், ஆகவே 228. இனிப் பிதாகரஸ் தேற்றம். விடை 419 கிலோமீட்டர்.

ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர் என்றால் 31 நிமிடம் போதும். கால அட்டவணையோ ஏறத்தாழ ஒன்றேகால் மணி என்கிறது! மீதி எங்கே போயிற்று?

சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்தது முதல் மறுபடி வைப்பது வரை அட்டவணை கணக்கிடுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் அதில் அடக்கம். மேலும், 800 என்பது உயரத்தில் கிடைக்கும் வேகம். 9 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 3 பாகைச் சரிவில் இறங்க 172 கிலோமீட்டர் வேண்டும். (டான்ஜென்ட் அட்டவணையில் சரிபாருங்கள்.) ஏறுவதற்கும் அவ்வளவு என்று கொண்டால், நடுவே மட்டமாகப் பறப்பது 75 கிலோமீட்டர்; ஆறே நிமிடம்! விமானம் காற்றை எதிர்த்து இறங்குவதே வழக்கம். சென்னையில் மேற்குக் காற்று வீசினால், தென்மேற்கிலிருந்து வரும் நம் விமானம் கடல் பக்கம் போய்த் திரும்பி வர நேரிடும்.

அண்ணன் 8 மணி விமானத்தைப் பிடிக்க வேண்டுமானால் ஐந்தரைக்கே சூலக்கரையை விட்டுக் கிளம்புவது நல்லது. சாலைப் பயணம், பெட்டிச் சோதனை எல்லாம் உண்டு. (பெட்டியில் சிவகாசிப் பட்டாசு கூடாது, விமானத்தில் அனுமதியில்லை.) சென்னையில் இறங்க 9.15 ஆகும், நகருக்குள் செல்ல நேரமிருக்கிறது.

இலண்டன் ஹீத்ரோவிலிருந்து பாரிஸ் சார்லஸ் டி கால் நிலையம் 348 கிலோமீட்டர்தான். ஆயினும் அங்கும் கிட்டத்தட்ட ஒன்றேகால் மணியே ஆகிறது. தூரம் குறைந்தாலும் ஊர்வதும் ஏறுவதும் இறங்குவதும் குறையவில்லை அல்லவா? அங்கே இன்னொரு வேடிக்கை. பாரிஸ் கடிகாரம் ஒரு மணி முந்தியது. இலண்டனில் 10 மணிக்குப் புறப்பட்டவர் பாரிஸில் 12.15க்கு இறங்குவார். திரும்பும்போது 2 மணிக்குப் புறப்பட்டு 2.15க்கே இறங்கிவிடுவார்! மதுரைக்கும் சென்னைக்கும் ஒரே கடிகாரம், கழித்தாலே போதும்.