வளையாத பேனா: வங்க நாவலாசிரியர் கௌர் கிஷோர் கோஷ்

தந்தை இறந்தால் மகன் தலையை மழித்துத் துக்கம் காப்பது வங்காளத்து இந்துக்களின் வழக்கம். 1975ஆம் ஆண்டில் வங்க எழுத்தாளர் ஒருவர் தம் தலையை மழித்துக்கொண்டார். உறவினர் எவரையும் இழந்ததற்காக அன்று. எழுதும் உரிமை மாண்டது என்பதற்காக. அவரே நாவலாசிரியரும் பத்திரிகையாளருமான கௌர் கிஷோர் கோஷ் ஆவார்.

1923ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், பிரிக்கப்படாத வங்காளத்தின் ஜெசோர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் அவர் பிறந்தார். வறுமை அவரைப் பல தொழில்களுக்கு விரட்டியது. மின்சார வேலை, கப்பல் வேலை, உணவு விடுதிப் பணி, பள்ளி ஆசிரியம், தொழிற்சங்க ஊழியம் ஆகிய அனைத்தையும் பார்த்தபின், அச்சுப்பிழை திருத்துபவராகப் பத்திரிகை உலகில் நுழைந்தார். பின்னர் 'ஆனந்த பஜார் பத்திரிகா' நாளிதழில் 'ரூபதர்சி' என்னும் புனைபெயரில் அவர் தீட்டிய நையாண்டிக் கட்டுரைகள் வாசகரிடையே பெரும்புகழ் பெற்றன.

உழைப்பாளர் வாழ்வை நேரில் அறிந்தவராதலால், கட்சிகளின் முழக்கங்களில் அவர் மயங்கவில்லை. தொழிலாளர் தலைவன் ஒருவனைப் பற்றிய அவரது 'சகினா மஹதோ' என்னும் கதையை 1970இல் தபன் சின்ஹா திரைப்படமாக்கினார். திலீப்குமார் நாயகனாக நடித்தார்.

எனினும் அவர்தம் இலக்கியப் பணியின் சிகரம் மூன்று நாவல்களின் வரிசையே. 'ஜல் படே பாதா நடே', 'பிரேம் நேய்', 'பிரதிபேசி' என்னும் அவை, 1922 முதல் 1946 வரை வங்காளத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் எவ்வாறு மெல்ல மெல்ல அயலாராயினர் என்பதைச் சித்திரிப்பன. 'பிரேம் நேய்' நாட்டுப்புற முஸ்லிம் குடும்பங்களின் உள்வாழ்வை அவர்களுள் ஒருவர் போலவே நின்று காட்டுகிறது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினை ஒரே நாளில் நேர்ந்ததன்று. அதற்கு முன்பே மனங்கள் பிரிந்துவிட்டன என்பதே இவ்வரிசை உணர்த்தும் உண்மையாகும்.

1967இல் தோன்றிய நக்சல்பாரி இயக்கத்தின் கொலைகளை அவர் கண்டித்தார். இயக்கத்தினர் அவருக்கு மரண தண்டனை விதித்தனர். அப்போதும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அதே வேளையில், அவ்விளைஞர்கள்மீது போலீசார் ஏவிய கொடுமைகளையும் அவர் கண்டிக்கத் தவறவில்லை.

1975 ஜூனில் இந்திரா காந்தியின் அரசு நெருக்கடி நிலையைப் பிறப்பித்துப் பத்திரிகைகளுக்குத் தணிக்கை விதித்தது. தலைமழித்த கோஷ், பதின்மூன்று வயது மகனுக்கு எழுதும் கடிதமாகத் தம் எதிர்ப்பை 'கொல்கத்தா' என்னும் இதழில் வெளியிட்டார். அவ்வாண்டு அக்டோபரில், விசாரணையின்றிக் காவலில் வைக்க வகைசெய்யும் 'மிசா' சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். சிறைக்குள்ளிருந்தும் அவர் எழுதிய கடிதங்கள் இரகசியமாக வெளிவந்தன. அங்கே மாரடைப்பால் தாக்குண்டு, 1976இல் விடுதலையானார்.

1981ஆம் ஆண்டு மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. அதே ஆண்டில் 'ஆஜ்கால்' நாளிதழின் முதல் ஆசிரியராகவும் பொறுப்பேற்றார். 2000ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் மறைந்தார்.

ஆள்வோரை எதிர்ப்பவர் பலர். ஆள்வோரை எதிர்ப்பவர் செய்யும் தவற்றையும் சுட்டிக் காட்டுபவர் சிலரே. அச்சிலருள் ஒருவராய் வாழ்ந்தமையே கோஷின் தனிச்சிறப்பு எனலாம்.