மலாக்காவை நடந்தே காண்போம்

நம் முன்னோர் பால்மரம் வெட்டுவதற்காகவே இந்நாட்டில் முதன்முதலாகக் கால் வைத்தனர் என்று தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அவ்வெண்ணம் முழுமையானதன்று என்பதற்கு மலாக்கா நகரின் தெருக்களே சான்று. பள்ளி விடுமுறையில் ஒரு நாளை ஒதுக்கிப் பிள்ளைகளுடன் அங்குச் சென்று வருவோமாக. பழைய நகர் சிறியது, வண்டி வேண்டியதில்லை. வெயில் ஏறுமுன் தொடங்கினால் போதும்.

1400-ஆம் ஆண்டையொட்டிப் பரமேசுவரர் நிறுவிய இத்துறைமுகத்தை 1511-இல் போர்த்துக்கீசியரும், 1641-இல் டச்சுக்காரரும் கைப்பற்றினர். அவர்களுக்குப்பின் ஆங்கிலேயர் வந்தனர். ஆற்றின் கிழக்கே செந்நிறம் பூசிய டச்சு ஆளுநர் மாளிகையும், 1753-இல் கட்டி முடிக்கப்பட்ட தேவாலயமும் நிற்கின்றன. பின்னாலுள்ள குன்றில் கூரையிழந்த பழைய கோயிலொன்று உண்டு. புனித சவேரியாரின் உடல் 1553-இல் கோவாவுக்குக் கொண்டு செல்லப்படுமுன் சில மாதங்கள் இங்கேதான் புதைக்கப்பட்டிருந்தது. குன்றின் அடியில் போர்த்துக்கீசியக் கோட்டையின் ஒரே ஒரு வாயில் எஞ்சியுள்ளது. ஆங்கிலேயர் 1807-இல் கோட்டையைத் தகர்க்கத் தொடங்கியபோது தப்பியது அவ்வளவே. வந்தவர் பெரும்பாலோர் அதன்முன் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். நாம் தேடி வந்ததோ ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது.

பாலத்தைக் கடந்து பொற்கொல்லர் தெருவுக்குச் செல்வோம். மலாய் மொழியிலும் அதற்கு அதே பொருளுடைய பெயர்தான்: ஜாலான் துக்காங் எமாஸ். இங்குள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில், டச்சு அரசு வழங்கிய நிலத்தில் செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டியால் 1781-இல் எழுப்பப்பட்டது. அடுத்து, இந்திய முஸ்லிம் வணிகர் 1748-இல் தோற்றுவித்த கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதற்குக் குவிமாடம் இல்லை. மூன்றடுக்குக் கூரையும் சீனக் கோபுரம் போன்ற பாங்கு மேடையும் உண்டு. கிளிங் என்பது அக்காலத்தில் தென்னிந்தியரைக் குறித்த பெயர். பிற்காலத்தில் அஃது இழிசொல்லானது வேறு கதை. இன்னும் சில அடி நடந்தால் சீனரின் செங் ஹூன் தெங் கோயில். மூன்று சமயத்தாரும் ஒரே தெருத் தொடரில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வழிபட்டு வருகின்றனர்.

இனி நம் தொழிலின் கதைக்கு வருவோம். மலாக்கா நகரச் சீன வணிகரான டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். இந்நாட்டில் வணிக நோக்குடன் அமைந்த முதல் ரப்பர் தோட்டம் அதுவே. அதாவது, விநாயகர் கோயில் எழுந்து 115 ஆண்டுகள் சென்ற பின்னரே ரப்பர்த் தோட்டம் வந்தது! பிள்ளைகளைக் கோயில் வாசலில் நிறுத்தி இக்கணக்கைப் போடச் சொல்லலாம். ரப்பரால் செழித்த சீனக் குடும்பங்களின் வீடுகளைத் துன் டான் செங் லோக் சாலையில் காணலாம். முகப்புக் குறுகியது, உள்ளே செல்லச் செல்ல முற்றம் முற்றமாக நீளும்.

கால் வலிக்கவில்லையெனில் மாலையில் காஜா பெராங் வரை நடக்கலாம். மலாக்கா செட்டிகள் எனப்படுவோரின் ஊர் அங்கு உள்ளது. சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர், உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கியதால் தோன்றிய மரபினர் இவர்கள். வீட்டில் பேசுவது மலாய். உடுத்துவது பெரும்பாலும் மலாய் உடை. வணங்குவதோ மாரியம்மனையும் விநாயகரையும். தமிழ் பேச்சினின்று நீங்கிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆயினும் பொங்கலுக்கு முதல் நாளான போகியன்று, மறைந்த முன்னோர்க்கு வாழையிலையில் சோறும் கறியும் படைக்கும் வழக்கத்தை அவர்கள் இன்றளவும் விட்டுவிடவில்லை. அப்படையலை அவர்கள் பார்ச்சு என்று அழைக்கின்றனர்.