நீக்கிவிட்ட பைத்தான் புரோகிராமை மீட்க

ஜூபிடர் நோட்புக்கில் புரோகிராம் எழுதும்போது தேவையான செல் ஒன்றை நீக்கிவிட்டீர்கள். அதற்குள் ஆட்டோசேவ் அந்த நிலையையே ஃபைலில் பதிந்துவிட்டது. அன்டூவும் பலன் தரவில்லை. இப்படிக் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: கெர்னலை நிறுத்தவோ ரீஸ்டார்ட் செய்யவோ வேண்டாம்.

நாம் பார்ப்பது பிரவுசர் விண்டோ. புரோகிராமை இயக்குவது பின்னணியில் தனியாக ஓடும் கெர்னல். ஒரு செல்லை ரன் செய்தவுடன் அதிலுள்ள வரிகள் அப்படியே கெர்னலுக்குச் செல்கின்றன. கெர்னல் அவற்றை மெமரியில் வைத்துக்கொள்கிறது. எனவே திரையில் செல் மறைந்தாலும் சோர்ஸ் கோடு அங்கே இருக்கும்.

அதை எப்படி எடுப்பது? அதே நோட்புக்கில் புதிய செல் ஒன்றைத் திறந்து, சதவீதக் குறியும் அதை ஒட்டி ஹிஸ்டரி என்ற ஆங்கிலச் சொல்லும் டைப் செய்து ரன் செய்யுங்கள். இதுவரை ரன் செய்த அனைத்தும், குறிப்புரைகள் உட்பட, வரிசையாக வந்துவிடும். ஒரே செல்லைப் பலமுறை ரன் செய்திருந்தால் அத்தனை வடிவங்களும் இருக்கும். பொதுவாகக் கடைசியாக உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஃபங்ஷன் மட்டும் போதுமென்றால், அதன் பெயரையடுத்து இரண்டு கேள்விக்குறி (??) இட்டு ரன் செய்யுங்கள்.

மின்தடையால் கெர்னலே நின்றுவிட்டதா? அப்போதும் வழி உண்டு. ஜூபிடரின் பைத்தான் கெர்னல், ஃபெர்னாண்டோ பெரஸ் 2001-ல் தொடங்கிய ஐபைத்தானை அடிப்படையாகக் கொண்டது. மாற்றி அமைக்காதவரை, ரன் செய்யும் வரிகளை அது ஹார்டு டிஸ்க்கில் ஒரு டேட்டாபேஸ் ஃபைலிலும் எழுதி வைக்கிறது. மேற்சொன்ன கட்டளையுடன் ஓர் இடைவெளி விட்டு, ஹைபனும் ஜி என்ற சிறிய எழுத்தும் சேருங்கள். பழைய நாட்களின் பதிவுகளும் கிடைக்கும். பட்டியல் நீளமாக வந்தால், அதன்பின் ஃபங்ஷனின் பெயரைக் கொடுத்துத் தேடலாம்.

ஆனால், டைப் செய்தும் ரன் செய்யாத செல் இப்படிக் கிடைக்காது. விளக்கம் எழுதும் மார்க்டவுன் செல்களும் கெர்னலுக்குச் செல்வதில்லை. ஆகவே நீளமான ஃபங்ஷனை எழுதி முடித்ததும் ஒருமுறை ரன் செய்துவிடுவது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. செல்லில் பாஸ்வேர்டு டைப் செய்து ரன் செய்திருந்தால் அதுவும் அந்த ஃபைலில் இருக்கும். பலரும் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் இதை மறந்துவிடாதீர்கள்.