மொட்டை மாடி யார் பொறுப்பு?

சென்னையில் அடுக்கக வீடு வாங்குபவருக்கு இரண்டு வகைச் சொத்து வந்து சேர்கிறது. கதவைத் திறந்து உள்ளே போனால் இருக்கும் அறைகள் ஒன்று. அவை அவருக்கு மட்டுமே உரியவை. கட்டடம் நிற்கும் மனையில் ‘பிரிபடாத பாகம்’ இன்னொன்று. வீட்டுத் தரகர்களும் வங்கிக்காரர்களும் யு.டி.எஸ். என்று சொல்வது இதைத்தான். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் ஒரே அளவான ஆறு வீடுகள் இருந்தால் வீட்டுக்கு 400 சதுர அடி. எந்த 400 என்று யாரும் கோடு கிழித்துக் காட்ட முடியாது. மனை முழுவதிலும் ஆறு பேருக்கும் பங்கு உண்டு. மாடிப்படி, மொட்டை மாடி, சம்ப், மோட்டார், லிஃப்ட், சுற்றுச்சுவர் எல்லாமே அப்படித்தான். வீட்டுக்குக் கொடுத்த விலையில் இவற்றின் விலையும் அடக்கம். ஆனாலும் வாசற்படியைத் தாண்டியதும் அது ‘அசோசியேஷன் பார்த்துக்கொள்ள வேண்டிய’ இடமாகிவிடுகிறது. அடுக்ககங்கள் வயதுக்கு முன்பே பாழாவதற்கு முதல் காரணம் இந்த எண்ணம்தான்.

எது பொது என்பதில் சட்டத்துக்குக் குழப்பம் இல்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ‘ரெரா’, பொதுப் பகுதிகளை வரிசையாகச் சொல்கிறது: மனை, மாடிப்படிகள், லிஃப்டுகள், நுழைவாயில்கள், தீ விபத்தில் வெளியேறும் வழிகள், அடித்தளம், மொட்டை மாடி, பூங்கா, விளையாட்டிடம், திறந்தவெளி வாகன நிறுத்தம், காவலர் தங்கும் இடம், தண்ணீர்த் தொட்டிகள், மோட்டார்கள். ஸ்டில்ட் பார்க்கிங் எனப்படும் தூண்களுக்கு இடைப்பட்ட கீழ்த்தளத்தைத் தனிச் சொத்தாகப் பில்டர் விற்க முடியாது என்று மும்பைக் குடியிருப்பு ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. மேல்மாடிக்காரர் மொட்டை மாடிக்குப் பூட்டுப் போடுவதும், கீழ்வீட்டுக்காரர் பக்கவாட்டுச் சந்தைத் தன் தோட்டமாக வளைத்துக்கொள்வதும் பல இடங்களில் நடக்கிறது. பத்திரத்தில் தனி உரிமை எழுதப்படாத வரை, அந்த இடம் மற்றவர்களுடையதும்தான்.

தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் அடுக்கக உரிமைச் சட்டம் நீண்ட காலம் இருந்தும், பெரும்பாலான குடியிருப்புகள் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்தான் அசோசியேஷனைப் பதிவு செய்துகொண்டன. 2022இல் புதிய அடுக்கக உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, 2024இல் நடைமுறைக்கு வந்தது. எந்தச் சட்டத்தில் பதிவானாலும், பராமரிப்பின் தலையெழுத்து முதல் ஆண்டிலேயே ஓரளவு எழுதப்பட்டுவிடுகிறது. பெரும்பான்மை வீடுகள் முன்பதிவான மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய பில்டர் வழிசெய்ய வேண்டும் என்கிறது ரெரா. சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்து முறையிட்டால், 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. இந்த ஐந்தாண்டு முடிவதற்குள் ஒரு பொறியாளரை அழைத்து வந்து கட்டடத்தை அடி முதல் முடி வரை பார்க்கச் செய்யும் சங்கங்கள் குறைவு. பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். குழாய்களும் மின்கம்பிகளும் எங்கே ஓடுகின்றன என்று காட்டும் வரைபடத்தையும் பில்டரிடம் அப்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும். பத்து ஆண்டு கழித்துச் சுவருக்குள் ஒரு குழாய் உடையும்போது அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும்.

மாதா மாதம் கட்டும் ‘மெயின்டனன்ஸ்’ பணம் பெரும்பாலும் அன்றாடச் செலவிலேயே கரைந்துபோகிறது. வாட்ச்மேன் சம்பளம், பெருக்கித் துடைப்பவர் சம்பளம், லாரித் தண்ணீர், லிஃப்ட் ஒப்பந்தம், பொது மின்கட்டணம். இவற்றில் மின்கட்டணம் சமீப ஆண்டுகளில் கடித்தது. 2022 செப்டம்பர் கட்டண மாற்றத்தில் மாடிப்படி விளக்கு, மோட்டார், லிஃப்ட் போன்ற பொதுப் பயன்பாட்டு இணைப்புகளுக்கு யூனிட் 8 ரூபாயானது. எதிர்ப்பு எழுந்த பிறகு, 10 வீடுகளுக்கும் மூன்று மாடிகளுக்கும் மேற்படாத, லிஃப்ட் இல்லாத சிறு குடியிருப்புகளுக்கு மட்டும் 2023இல் 5.50 ரூபாயாகக் குறைத்தார்கள். செலவை வீட்டுக்குச் சமமாகப் பிரிப்பதா, சதுர அடிக் கணக்கில் பிரிப்பதா என்ற சண்டை இல்லாத சங்கம் அரிது. வாட்ச்மேனும் மாடிப்படி விளக்கும் எல்லோருக்கும் ஒன்றே. அதனால் அன்றாடச் செலவைச் சமமாகவும், கட்டடத்தின் பெரிய பழுதுகளைப் பரப்பளவுப்படியும் பிரிப்பது நியாயமான வழி. எந்த வழியானாலும் பைலாவில் எழுதியிருக்க வேண்டும். சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி, வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய்க்கு மேல் வசூலித்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு.

பொது இடங்களிலேயே அதிகப் பகையை மூட்டுவது மொட்டை மாடிதான். மழை அங்கே விழுகிறது. ஒழுகுவதோ மேல்மாடி வீட்டில். ‘உன் வீடு ஒழுகினால் நீ பார்த்துக்கொள்’ என்று மற்றவர்கள் சொல்ல, இரண்டு மழைக்காலம் பேச்சிலேயே கழிந்துவிடும். அந்தத் தளம் கட்டடம் முழுமைக்கும் கூரை. அதன் பழுதுக்கு எல்லா வீடுகளும் பணம் போட வேண்டும். குளியலறைத் தரையிலிருந்து கீழ்வீட்டுக்கு நீர் இறங்குவது வேறு விஷயம். அது மேல்வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டியது. ஆனால் பல வீடுகளின் கழிவுநீரைச் சேர்த்து மேலிருந்து கீழே கொண்டுவரும் செங்குத்துக் குழாய் மறுபடியும் பொது. பாதிச் சண்டைகள் இந்த எல்லை தெரியாததால் வருபவை.

சென்னை மாடிகளில் கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து ஓட்டம் கொடுத்துப் போட்டு, அதற்கு மேல் தட்டோடு பதிப்பது பழைய வழக்கம். ஓட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் தேங்காது. தேங்காத தளம் எளிதில் ஒழுகாது. அதைக் கெடுப்பவர்கள் குடியிருப்பவர்களே. டிஷ் ஆன்டெனாவுக்கும் ஏ.சி. யூனிட்டுக்கும் துளை போடுகிறார்கள். ஓடு மேலேயே மண் தொட்டிகளை ஆண்டுக்கணக்கில் வைக்கிறார்கள். மழைநீர்க் குழாயின் வாயில் இலையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொள்ள விடுகிறார்கள். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஆகவே மாடியைச் சுத்தம் செய்து, ஓட்டு இடுக்குகளை அடைக்கும் வேலை செப்டம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும். நவம்பரில் ஈரத் தளத்தின் மேல் பூசும் எந்த ரசாயனமும் நிற்காது.

ஒழுகலின் ஆபத்து சுவரின் கறையோடு நிற்பதில்லை. உள்ளே இறங்கும் ஈரம் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு கூடுதல் இடத்தை அடைப்பது. அது உப்பி, மேலிருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளுகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் இது இன்னும் விரைவாக நடக்கும். பால்கனியின் அடிப்பகுதியில் நீளவாக்கில் ஒரு விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் அது எச்சரிக்கை. பெயர்ந்த காரையைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே மேல்பூச்சு. அதை விட்டுச் சிமென்டை அப்பிப் பெயின்ட் அடித்தால், உள்ளே துரு ஏறிக்கொண்டே இருக்கும்.

தண்ணீரில் பெரிய சூட்சுமம் இல்லை, ஒழுங்குதான் வேண்டும். சம்பையும் மேல்நிலைத் தொட்டியையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டும். சம்ப் மூடி தரைமட்டத்துக்கு மேலே உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தெருவில் தேங்கும் வெள்ளநீர் உள்ளே இறங்கிவிடும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். குழி தோண்டியதோடு பலர் அதை மறந்துவிட்டார்கள். வடிகட்டும் ஜல்லியும் மணலும் சேற்றால் அடைபட்ட குழியில் ஒரு குடம் தண்ணீர்கூட இறங்காது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்த 2019 கோடையில் லாரிக்காகக் காத்துக் கிடந்த குடியிருப்புகளுக்கு, மழைக்கு முன் அந்தக் குழியைத் தூர்வாருவதன் அருமை தெரியும்.

கழிவுநீர்த் தொட்டி விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசத்துக்கும் இடமில்லை. செப்டிக் டேங்க் நிரம்பினால், தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு உள்ளே இறங்கச் சொல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. மூடிய தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் சேர்ந்திருக்கும். இறங்கியவர் சில நொடிகளில் மயங்கிவிடுவார். அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து சாவது திரும்பத் திரும்ப நடக்கும் கொடுமை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இத்தகைய சாவுகளுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. உறிஞ்சு லாரியை அழைத்து இயந்திரத்தால் எடுப்பதே வழி. செலவு கூடுதல் என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்த வேண்டும். நெடுநாள் மூடிக்கிடந்த தண்ணீர்ச் சம்பிலும் மூச்சுத் திணறல் ஏற்படும் என்பதையும் மறக்கக் கூடாது.

லிஃப்டுக்கு அரசின் மின் ஆய்வுத் துறை உரிமம் வேண்டும். அது காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது செயலாளர் வேலை. ஏ.எம்.சி. எனப்படும் ஆண்டு ஒப்பந்தத்தில் உதிரிபாகங்கள் சேர்கின்றனவா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். தீயணைப்புக் கருவிகளில் தேதி எழுதியிருக்கும். அதைப் படித்தால் போதும்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வரும்? லிஃப்ட், மோட்டார், மாடித்தளம், வெளிப்பூச்சு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆயுள் உண்டு. அது முடியும் நாள் முன்கூட்டியே தெரியும். 20 வீடுகள் உள்ள குடியிருப்பில் 15 ஆண்டு கழித்து லிஃப்ட் மாற்ற 15 லட்சம் தேவை என்று வைத்துக்கொண்டால், வீட்டுக்கு 75,000 ரூபாய். அன்றைக்கு ஒரே தவணையில் கேட்டால் பாதிப் பேரால் தர முடியாது. இன்றிலிருந்தே மாதம் 417 ரூபாய் ஒதுக்கினால் பணம் சேர்ந்துவிடும். விலையேற்றத்துக்குச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். ‘சிங்கிங் ஃபண்ட்’ என்பது இதுதான். தொடக்கத்தில் வசூலிக்கும் ‘கார்பஸ்’ தொகையையும் இதையும் தனி வங்கிக் கணக்கில், வைப்புநிதியாக வைக்க வேண்டும். வாட்ச்மேன் சம்பளத்துக்கு அதில் கைவைக்கக் கூடாது.

ஒதுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நெஞ்சை உலுக்கும் சான்று இருக்கிறது. புளோரிடா மாநிலத்தின் சர்ஃப்சைடில் 1981இல் கட்டிய 12 மாடி, 136 வீடுகள் கொண்ட சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத், 2021 ஜூன் 24 பின்னிரவில் இடிந்து 98 பேர் இறந்தனர். நீச்சல்குளத் தளத்தில் நீர்த்தடுப்பு கெட்டுவிட்டதையும், ஓட்டமின்றித் தட்டையாகப் போட்ட அந்தத் தளத்தில் நீர் தேங்குவதையும் பொறியாளர் 2018இலேயே எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு செலவைப் பற்றிய வாக்குவாதத்தில் ஆண்டுகள் ஓடின. நிர்வாகிகள் பலர் விலகினர். தேவைப்பட்ட ஒதுக்கு நிதியில் பத்தில் ஒரு பங்குகூடக் கையில் இல்லை. 2021 ஏப்ரலில் சுமார் 1.5 கோடி டாலர் வசூலிக்க முடிவானது. முதல் தவணைக்குக் குறித்த நாள் ஜூலை 1. கட்டும்போதே அந்தத் தளத்தின் வலிமை விதிகளில் சொன்னதைவிடக் குறைவு என்றும் அமெரிக்க அரசின் ஆய்வு பிறகு கண்டது. ஆகவே பழியை முழுதும் பராமரிப்பின் மேல் போட முடியாது. ஆனால் கட்டடம் காட்டிய அறிகுறிகளுக்குப் பதில் சொல்லப் பணம் தயாராக இல்லை என்பது உண்மை. புளோரிடா 2022இல் சட்டத்தை மாற்றியது: மூன்று மாடி முதலான அடுக்ககங்களுக்கு 30 ஆண்டில் கட்டமைப்புச் சோதனை கட்டாயம், கட்டமைப்புக்கான ஒதுக்கு நிதியை உரிமையாளர்கள் வாக்களித்துத் தள்ளுபடி செய்வதற்கும் தடை.

பணம் கட்டாதவர் எல்லாச் சங்கத்திலும் உண்டு. ‘நான் தரைத்தளம், லிஃப்ட் எனக்கு எதற்கு’, ‘வீடு பூட்டிக் கிடக்கிறது’ என்பவை வழக்கமான காரணங்கள். பொது வசதியைப் பயன்படுத்தவில்லை என்று சொல்லிப் பொதுச் செலவிலிருந்து ஒருவர் விலகிக்கொள்ள முடியாது என்பதை மகாராஷ்டிரத்தின் 1970ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டம் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. பாக்கிதாரரின் தண்ணீரை நிறுத்துவது தீர்வல்ல, சட்டச் சிக்கலைத்தான் கொண்டுவரும். நோட்டீஸ், வட்டி, பிறகு வழக்கு என்பதே முறை. அதேசமயம், மாதாமாதம் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ஆண்டுக்கொரு முறை தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்குழுவில் வைக்கும் சங்கத்தில் பாக்கி குறைவாகவே இருக்கும்.

பழுது பார்க்க முடியாத அளவுக்குக் கட்டடம் மூப்படைந்தால், இடித்துக் கட்டுவது பற்றிய பேச்சு வரும். முன்பு ஒரே ஒருவர் மறுத்தாலும் அது நின்றுபோகும். 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் போதும். அப்போது ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கிடைக்கும் என்பது பிரிபடாத பாகத்தின் அளவை வைத்தே கணக்காகும். அனுமதி வரைபடமும் வீட்டுவாரியான பாகக் கணக்கும் சங்கத்தின் அலமாரியில் இருக்கின்றனவா என்று அடுத்த பொதுக்குழுவிலேயே கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது.